உராயாமல் நகர்வது

ஒரு பொருளை ஒரு மீட்டர் தள்ளிவைப்பது எளிது. பத்து நானோமீட்டர் மட்டும் நகர்த்தி அங்கேயே நிறுத்துவதுதான் பெரும்பாடு. தலைமுடி ஒன்றின் தடிமனே ஏறக்குறைய 80,000 நானோமீட்டர். நல்ல மோட்டார் வாங்கிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். சிக்கல் மோட்டாரில் இல்லை, இணைப்புகளில் இருக்கிறது. பேரிங்கோ திருகோ, ஒன்றோடொன்று உராயும் எதிலும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். மெதுவாகத் தள்ளினால் முதலில் அசையாது. விசை உராய்வை மீறியதும் வெடுக்கென்று தாவிவிடும். நமக்கு வேண்டிய தூரத்தைவிட அந்தத் தாவல் பெரிது. ஆகவே, நுண்ணசைவுப் பொறியை வடிவமைப்பவர் முதலில் உராயும் இணைப்பை எடுத்துவிட வேண்டும் என்பது என் வாதம்.

ஷாம்பு பாட்டில் மூடியின் கீலில் ஆணி கிடையாது; மெலிந்த பிளாஸ்டிக் பட்டைதான் வளைகிறது. இதையே உலோகத்தில் செய்யலாம். ஒரே கட்டியை வயர்கட் மெஷினில் அறுத்து, தகடு போன்ற கால்களை மட்டும் விட்டுவைப்பார்கள். கால்கள் வளைய, அவை தாங்கும் மேடை நகரும். எண்ணெய் வேண்டாம், தேய்மானமும் இல்லை. கம்பியை நாலு தடவை வளைத்தால் ஒடிந்துவிடுகிறதே என்றால், அங்கே நாம் அதை அளவுக்கு மீறி வளைக்கிறோம். வளையும்போது உள்ளே எழும் தகைவு ஓர் எல்லைக்குள் இருக்கும்வரை எஃகு கோடி முறை வளைந்தாலும் ஒடியாது. அப்படியானால் கால்களை எவ்வளவு மெலிதாக்கலாம்? தடிமனைப் பாதியாக்கினால், அதே தூரம் வளைவதற்கான தகைவும் பாதியாகிறது. விறைப்போ எட்டில் ஒன்றாகிவிடுகிறது. லாபம்தான் என்று நினைக்கும்போதே மேடையின் இயல் அதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் அது தானாக அதிரும் வேகம், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சரிகிறது. பிறகு பக்கத்து அறையில் யாராவது நடந்தாலும் மேடை ஆடும். இந்த இழுபறியில் எங்கே நிறுத்துவது என்பதுதான் உகப்பாக்கம். கணினி ஆயிரம் வடிவங்களை முயன்று பார்க்கும், ஆனால் நாம் கேட்டதற்கு மட்டுமே விடை சொல்லும். வெப்பத்தைக் கேட்க மறந்தால் போச்சு: 100 மில்லிமீட்டர் அலுமினியம் ஒரே ஒரு டிகிரி சூடேறினால் 2,300 நானோமீட்டர் நீள்கிறது!

வளையும் கால்களால் அதிக தூரம் போக முடியாது என்பது வலுவான மறுப்பு. உண்மைதான். அதற்கு விடை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியில் இருக்கிறது. அதன் முதன்மைக் கண்ணாடி 18 துண்டுகளால் ஆனது. துண்டுக்கு ஏழு இயக்கிகள்: ஆறு நிலையைத் திருத்த, ஒன்று வளைவைத் திருத்த. மைனஸ் 220 டிகிரிக்கும் கீழே அவை இயங்குகின்றன. மில்லிமீட்டர் கணக்கிலான ஓட்டத்துக்குத் திருகு. நுண்ணசைவுக்கு அதே மோட்டார் மையம் விலகிச் சுழலும் ஒரு கேமைச் சுழற்ற, வளையும் உறுப்புகள் அந்த அசைவைப் பல மடங்கு சுருக்கித் தருகின்றன. ஒரு படி பத்து நானோமீட்டருக்கும் குறைவு. உராய்வை அடியோடு ஒழிக்கவில்லை, கெடுதல் செய்யாத இடத்துக்குத் தள்ளிவிட்டார்கள். 2022 மார்ச்சில் 18 துண்டுகளும் ஒரே கண்ணாடிபோல ஒருங்கிணைந்தன. பொறியியல் படிக்கும் நேயர்கள் மோட்டார் கேட்டலாக்கைப் புரட்டும் முன், தங்கள் வரைபடத்தில் எங்கெங்கே உராய்கிறது என்று குறித்துப் பாருங்கள்.