நம் எழுத்தில் ஒரு மன்றாட்டு
(வானொலி அருள்சிந்தனை)



ஞாயிறு திருப்பலியில் மன்றாட்டு வாசிக்க வரும் நம் பிள்ளைகளைக் கவனித்திருப்போம். பலர் கையில் கைப்பேசி. அதில் ‘ஆண்டவரே’ என்ற சொல்கூட ஆங்கில எழுத்தில்தான் இருக்கிறது. வாய்க்குத் தமிழ் வருகிறது, கண்ணுக்கு வரவில்லை. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. தமிழ் எழுத்து தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்று விட்டவர்கள் நாம்தானே.

1542-இல் இந்தக் கரைக்கு வந்த தூய சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்தவர்களை வைத்துச் செபங்களைத் தமிழாக்கி, தாமே மனப்பாடம் செய்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். 1554-இல் லிஸ்பன் நகரில் தமிழ்ச் செபநூல் ஒன்று அச்சானது. மொழி தமிழ், எழுத்தோ உரோமை எழுத்து. நம் பிள்ளைகளின் கைப்பேசியில் இருப்பது போலவே!

அண்டிரிக் அடிகளார் அதோடு விட்டுவிடவில்லை. போர்த்துக்கல்லில் பிறந்த அவர் தமிழ் படித்தார், அதற்கு இலக்கணமும் எழுதினார். 1578 அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்திலேயே அச்சேறியது. 16 பக்கம்தான். நம் முத்துக்குளித்துறை மக்களுக்காக வந்த நூல் அது. 1600-இல் இறந்த அவரைத் தூத்துக்குடியில் அடக்கம் செய்தார்கள். உரோமை எழுத்திலிருந்து தமிழ் எழுத்துக்கு வர 24 ஆண்டுகள் ஆயின. நாம் சத்தமில்லாமல் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறோம்.

ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கப்பல் வேலைக்குப் போகிறவனுக்கு அது சோறு. ஆனால் வெளியூர்க் கல்லூரிக்குப் போன பிள்ளைகள் நம் கடற்கரைப் பேச்சை மறைக்கிறார்களே, அதுதான் வருத்தம். தலைமைக் குருவின் முற்றத்தில் பேதுருவைக் காட்டிக்கொடுத்தது அவருடைய கலிலேயப் பேச்சு. அன்று அஞ்சி மறுதலித்த அந்த மீனவரைத்தான் ஆண்டவர் தம் மந்தைக்கு மேய்ப்பராக்கினார். பேச்சை மாற்றிக்கொண்டு வா என்று சொல்லவில்லை. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குப் பெயர் சொல்லத் தெரிந்த தாத்தா வீட்டில் இருக்கும்போது, பேரன் எதற்கு வெட்கப்பட வேண்டும்?

வரும் ஞாயிறு மன்றாட்டை ஒரு தாளில், தமிழ் எழுத்தில், பிள்ளைகளே எழுதிக் கொண்டுவரட்டும். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிக் கொடுக்கலாம். ‘ழ’வும் ‘ள’வும் இடம் மாறினால் மாறட்டும், பீடத்தில் யாரும் மதிப்பெண் போடப்போவதில்லை.