வானொலி வழியே ஒரு தந்தி: பாக்கெட் ரேடியோ தொடங்குவது எப்படி?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்களும் படிக்கட்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டதால் எழுதித் தருகிறேன்.)

லிஃப்ட் பராமரிப்புக் கணக்கும் தண்ணீர் லாரிக் கணக்கும் எனக்குப் பின்னால் காத்திருப்பதால் நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. சுமார் 800 பயணிகள். மீட்பு முடிய 19ஆம் தேதி ஆகிவிட்டது. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் பல ஊர்களில் கரண்டும் போய், செல்போனும் போய்விட்டது. அந்தப் பக்கம் சொந்தபந்தம் இல்லாத வீடு நம் குடியிருப்பில் குறைவு. அந்த இரண்டு நாளும் நாம் செய்ததெல்லாம் திரும்பத் திரும்ப எண்ணை அழுத்தி, தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்ற பதிலைக் கேட்டதுதான்.

அப்போது நமக்கு வேண்டியிருந்தது நீண்ட பேச்சு இல்லை. "அம்மா மாடியில் பத்திரம். மாத்திரை இருக்கிறது." இவ்வளவு வந்து சேர்ந்திருந்தால் போதும். இந்த அளவுச் செய்தியை, செல்போன் கோபுரமும் இன்டர்நெட்டும் இல்லாமல், ஒரு லேப்டாப்பையும் ஒரு ரேடியோ செட்டையும் வைத்து அனுப்புவதற்குப் பெயர்தான் பாக்கெட் ரேடியோ. ஹாம் ரேடியோவில் இது ஒரு பிரிவு.

ஹாம் ரேடியோ என்ற பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ராஜீவ் காந்தி ஒரு ஹாம். 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது பாரதி பிரசாத் என்ற ஹாம் பெண்மணி தன் குழுவோடு போர்ட் பிளேரில் இருந்தார். அந்தமானிலிருந்து ஹாம் நிலையம் இயக்கிப் பார்க்கப் போனவர், அதை விட்டுவிட்டு, தீவுகளின் செய்திகளை வெளியே அனுப்பும் வேலையில் இறங்கினார். பத்திரிகைகளில் வந்த விஷயம்தான்.

அது குரல் வழி. குரலில் ஒரு சங்கடம் உண்டு. இரைச்சலுக்கு நடுவே செல்வராணியா செல்வமணியா என்று தெரியாது. ஐம்பது பேரின் பெயரையும் போன் எண்ணையும் குரலில் சொல்லி, மறுமுனையில் ஒருவர் கையால் எழுதி, அதைத் திருப்பிப் படித்துக் காட்டி முடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். ஓர் எண் தவறினால் செய்தி வேறு வீட்டுக்குப் போய்விடும்.

வங்கியில் அந்தக் காலத்தில் டெலிகிராபிக் டிரான்ஸ்பர் என்று ஒன்று இருந்தது. (தமிழில் சுருக்கினால் அதுவும் டி.டி., டிமாண்ட் டிராஃப்டும் டி.டி. அது வேறு, இது வேறு.) மதுரையிலிருந்து தந்தி வரும். தொகை, தேதி முதலியவற்றை வைத்துக் கணக்கிட்ட சங்கேத எண் ஒன்று அதனோடு சேர்ந்து வரும். இங்கே ஆபீசர் பீரோவைத் திறந்து, கோட் புத்தகத்தை எடுத்து, மறுபடி கூட்டிப் பார்ப்பார். எண் டேலி ஆகாவிட்டால் வாடிக்கையாளர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் பணம் கிடையாது.

பாக்கெட் ரேடியோ செய்வதும் அதையேதான். நீங்கள் தட்டச்சு செய்ததை லேப்டாப் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டுகிறது. ஒவ்வொன்றின் மேலும் யாருக்கு, யாரிடமிருந்து என்று எழுதுகிறது. கடைசியில் உள்ளே இருக்கும் அத்தனை எழுத்தையும் வைத்துக் கணக்கிட்ட ஒரு சரிபார்ப்பு எண்ணைச் சேர்க்கிறது. மறுமுனை லேப்டாப் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். டேலி ஆனால் "கிடைத்தது" என்று பதில் அனுப்பும். ஆகாவிட்டால் பொட்டலத்தைக் குப்பையில் போட்டுவிடும். பதில் வராததால் அனுப்பியவரின் லேப்டாப் தானாகவே மறுபடி அனுப்பும். ஆகவே செய்தி சரியாகப் போய்ச் சேரும். இல்லையென்றால், சேரவில்லை என்பது அனுப்பியவருக்குத் தெரியும். வெள்ள நேரத்தில் இந்த இரண்டாவது தகவலுக்கும் மதிப்பு உண்டு.

ஒரே ஒரு வித்தியாசம். வங்கி எண் ரகசியம். இது ரகசியம் இல்லை. ஹாம் அலைவரிசையில் சங்கேத மொழிக்கு அனுமதி கிடையாது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆகவே ஓ.டி.பி., கணக்கு எண் எதையும் இதில் அனுப்பக் கூடாது. வியாபாரமும் கூடாது. தீபாவளிச் சீசனில் சிவகாசியிலிருந்து கிஃப்ட் பாக்ஸ் ஆர்டர் போடலாமா என்று பி பிளாக் நண்பர் கேட்டார். போட முடியாது சார்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. கனடாவின் மாண்ட்ரியல் நகரத்து ஹாம்கள் 1978லேயே தொடங்கிவிட்டார்கள். எண்பதுகளில் ஏ.எக்ஸ்.25 என்ற பொது விதிமுறை வந்தது, இன்றும் அதுதான். அப்போது கம்ப்யூட்டருக்கும் ரேடியோவுக்கும் நடுவே தனியாக ஒரு பெட்டி வாங்க வேண்டியிருந்தது. இன்று அந்தப் பெட்டியின் வேலையை லேப்டாப்பின் சவுண்ட் கார்டே செய்கிறது. 'டயர் வுல்ஃப்' என்ற இலவச மென்பொருள் போதும். விண்டோஸிலும் ஓடும், லினக்ஸிலும் ஓடும்.

கூட்டத்துக்கு வந்தவர்கள் அன்று மேசை மேல் பார்த்தது இதைத்தான். இரண்டு லேப்டாப், ஒன்றின் ஸ்பீக்கர், மற்றதன் மைக். நடுவே ரேடியோ இல்லை. முதல் லேப்டாப் பழைய ஃபேக்ஸ் மெஷின் போலக் கீச்சிட்டது. இரண்டாவதன் திரையில் எழுத்து வந்தது. பிள்ளைகளைக் கை தட்டச் சொன்னதும் எழுத்து வரவில்லை. தப்பும் தவறுமாக வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? வரவே இல்லை. தட்டுவதை நிறுத்தி மறுபடி அனுப்பினோம், வந்தது. ரேடியோ அலை எதுவும் வெளியே போகாததால் இதைச் செய்து பார்க்க உரிமம் வேண்டாம். வீட்டில் இரண்டு லேப்டாப் இருந்தால் நாளைக்கே தொடங்கலாம். ஸ்பீக்கருக்குப் பதிலாக ஹெட்போன் துளையிலிருந்து மைக் துளைக்கு ஒரு வயர் போட்டால் இன்னும் சுத்தமாக வரும்.

வேகத்தைப் பற்றி ஆசை வைக்காதீர்கள். விநாடிக்கு 1200 பிட், அதாவது 150 எழுத்து. படம் அனுப்புவதை மறந்துவிடுங்கள். ஏ.பி.ஆர்.எஸ். என்ற முறையில் ஒரு செய்திக்கு 67 எழுத்துதான் இடம். அதிலும் தமிழுக்கு ஒரு நஷ்டம் உண்டு. ஆங்கில எழுத்து ஒன்று ஓர் இடத்தை எடுத்தால், யூனிகோடில் 'க' மூன்று இடம் எடுக்கும். 'கொ' என்றால் ஆறு. அறுபத்தேழை அப்படி வகுத்துப் பார்த்தால் தமிழில் ஒரு வரிகூடத் தேறாது. அதனால் அவசரத்துக்கு "amma" என்பதுபோல ஆங்கில எழுத்தில்தான் தமிழை அனுப்ப வேண்டியிருக்கும். எனக்கு இதில் வருத்தம்தான், ஆனாலும் தந்தி காலத்தில் நம் அப்பாமார் அப்படித்தான் சமாளித்தார்கள்.

நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிய வேண்டிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2009 ஏப்ரல் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன பி.எஸ்.எல்.வி. சி-12 ராக்கெட்டில் அனுசாட் என்ற 40 கிலோ செயற்கைக்கோளும் போனது. அண்ணா பல்கலைக்கழகம் செய்தது. இந்தியாவில் ஒரு பல்கலைக்கழகம் செய்த முதல் செயற்கைக்கோள் அதுதான். அதன் வேலை என்ன தெரியுமா? ஓர் ஊருக்கு மேலே போகும்போது செய்தியை வாங்கி வைத்துக்கொண்டு, இன்னோர் ஊருக்கு மேலே போகும்போது கொடுப்பது. வானத்தில் ஒரு தபால்காரர். இன்று அனுசாட் இல்லை. ஆனால் சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஒரு ஹாம் கருவி இருக்கிறது. அது பாக்கெட் முறையில் இயங்கும் நாட்களில் 145.825 மெகாஹெர்ட்ஸில் நம் பொட்டலத்தை வாங்கி உடனே திருப்பி ஒலிபரப்பும். நம் தலைக்கு மேல் பத்து நிமிடம்தான் இருக்கும். அதற்குள் இங்கிருந்து போன செய்தியை டெல்லியிலும் கொழும்பிலும் கேட்கலாம்.

இனி, தொடங்குவது எப்படி.

முதலில் உரிமம். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு தேர்வு வைத்துத் தருகிறது. சரள் சஞ்சார் என்ற இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பன்னிரண்டு வயது நிரம்பினால் எழுதலாம், மேலே வயது வரம்பு இல்லை. ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என்று இரண்டு நிலை. முதல் நிலைக்கு மோர்ஸ் தந்தி தெரிய வேண்டாம். எளிய எலெக்ட்ரானிக்ஸும் விதிமுறைகளும்தான் பாடம். நான் பி.காம், ஓம்ஸ் லாவை வங்கியை விட்டு வந்த பிறகுதான் படித்தேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு என்னைவிடச் சுலபம். தேர்வு முடிந்து, உரிமமும் அழைப்புக்குறியும் கைக்கு வரச் சில மாதம் பிடிக்கும். வெள்ளம் வந்த பிறகு விண்ணப்பிக்க முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

உரிமத்துக்கு முன்னால் ரேடியோ செட் வாங்காதீர்கள். ஆன்லைனில் வாக்கி டாக்கி மலிவாகக் கிடைக்கிறது என்று சிலர் காட்டினார்கள். உரிமமில்லாமல் கையில் வைத்திருப்பதே குற்றம். 1933ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து அப்படித்தான். உரிமம் வந்ததும் அதன் அட்டவணையில் எந்த அலைவரிசை, எந்த வகை ஒலிபரப்பு என்று பார்த்துவிட்டு அதற்கேற்ற செட்டை வாங்குங்கள். நாம் பேசுவது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள இரண்டு மீட்டர் அலைவரிசை. செட்டையும் லேப்டாப்பையும் இணைக்க யு.எஸ்.பி. சவுண்ட் கார்டும் ஒரு கேபிளும் வேண்டும்.

புதியவர்கள் திணறுவது இரண்டு இடத்தில். ஒன்று, சத்தம். லேப்டாப்பின் வால்யூமைக் கூட்டி வைத்தால் நல்லது என்று தோன்றும். கூட்டினால் ஒலி சிதைந்து, பக்கத்துத் தெருவில்கூட ஒரு பொட்டலமும் டேலி ஆகாது. குறைத்து வைத்து மெல்ல ஏற்றுங்கள். இரண்டு, அவசரம். செட் ஒலிபரப்பு நிலைக்கு மாற ஒரு விநாடியின் சிறு பகுதி தேவை. அதற்குள் லேப்டாப் பேசத் தொடங்கினால் பொட்டலத்தின் தலை வெட்டுப்படும். மென்பொருளில் 'டி.எக்ஸ். டிலே' என்ற இடத்தில் 300 மில்லி விநாடி வைத்துத் தொடங்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஆன்டெனாவைப் பற்றித்தான் உங்களுக்குக் கேள்விகள் அதிகம். நான் கேட்பது கோபுரம் இல்லை. சுமார் 50 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு கம்பி, அடியில் அதே நீளத்தில் சாய்ந்த நான்கு கம்பி. தண்ணீர்த் தொட்டிக்கு மேல் நின்றால் கீழிருந்து கண்ணுக்கே தெரியாது. செட்டின் சக்தி ஐந்து வாட். அதுவும் செய்தி போகும் ஒரு விநாடி மட்டும்.

இடி விழுமே என்று ஏ பிளாக் அம்மா கேட்டது நியாயம். பட்டாசு ஆலை வைத்திருப்பவர்களுக்கு இடிதாங்கியின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. நம் கட்டடத்து இடிதாங்கியின் உச்சிக்குக் கீழேதான் இது இருக்க வேண்டும். தனியாக எர்த் வயர் வேண்டும். மேகம் இருட்டினால் கேபிளைச் செட்டிலிருந்து கழற்றி வைக்க வேண்டும். அந்தப் பொறுப்பு என்னுடையது.

ஆலையில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் உரிமம் வாங்கினாலும் அந்தக் கைச் செட்டை ஆலை வாசலைத் தாண்டி, குடோன் பக்கம் கொண்டுபோகவே கூடாது. மின்சாரத்தால் பற்றவைக்கும் திரிகளில் ரேடியோ அலை ஒரு சிறு மின்னோட்டத்தை எழுப்பிவிடலாம் என்பது வெடிபொருள் துறையில் நெடுநாளாக உள்ள எச்சரிக்கை. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்த பகுதி இது. பொழுதுபோக்குக்காக ஒரு பொறியைக்கூடக் கூட்ட வேண்டாம். ஆலையில் ஒன்று நடந்தால் செய்தி அனுப்பும் இடம் ஊருக்குள்ளே, தள்ளி இருக்க வேண்டும்.

ஒரு நிலையத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. மொட்டை மாடிக்கு மொட்டை மாடி என்றால் இங்கிருந்து சிவகாசி எட்டும், நடுவே மலை இல்லை. அதற்கு மேல் போக, இடையில் இருக்கும் நிலையம் வாங்கிக் கைமாற்ற வேண்டும். சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு, திருநெல்வேலி என்று ஊருக்கு ஒரு மாடியில் ஒருவர் இருந்தால் தாமிரபரணிக் கரை வரை செய்தி போகும். ஒவ்வொரு இடத்திலும் ஒரு பழைய லேப்டாப், ஒரு செட், இன்வெர்ட்டர் பேட்டரி. பொருள் கிடைத்துவிடும், உரிமம் உள்ள ஆள்தான் வேண்டும். பேரிடரில் வழக்கமான தொடர்பு அறுந்தால், நிர்வாகத்துக்காகப் பிறர் செய்தியையும் சுமக்க ஹாம்களுக்கு விதியில் இடம் இருக்கிறது.

ஆகவே சங்கத்திடம் இரண்டு கோரிக்கை. தொட்டி மேல் அந்தக் கம்பியை நிறுத்த அடுத்த பொதுக்குழுவில் அனுமதி தர வேண்டும். செலவு என்னுடையது, ஆட்சேபம் உள்ளவர்கள் எழுத்தில் கொடுத்தால் கூட்டத்தில் பதில் சொல்கிறேன். இரண்டாவது, ஞாயிறு காலை பத்து மணிக்குக் கம்யூனிட்டி ஹாலை ஒரு மணி நேரம் எனக்குத் தர வேண்டும். தேர்வு எழுத விருப்பமுள்ள பிள்ளைகளும் பெரியவர்களும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வாருங்கள். லேப்டாப் இருப்பவர்கள் சார்ஜரையும் எடுத்து வாருங்கள், ஹாலில் இரண்டு பிளக் பாயிண்ட்தான் வேலை செய்கிறது.