நீரிழிவு உள்ளவர்களே, முகத்தில் ஒரு பக்கம் வலித்தால் காத்திருக்காதீர்கள்

நீரிழிவு என்றதும் கண், கால், சிறுநீரகம் பற்றித்தான் அதிகம் பேசுவோம். இன்று நான் பேசப்போவது ஒரு பூஞ்சைத் தொற்றைப் பற்றி. அது அரிதாகவே வரும். வந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

அதன் பெயர் மியூகோர்மைகோசிஸ். ‘கறுப்புப் பூஞ்சை’ என்று செய்திகளில் கேட்டிருப்பீர்கள். 2021-இல் இந்தியாவில் கொவிட்-19 பரவியபோது ஆயிரக்கணக்கானோருக்கு இது வந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு நீரிழிவு இருந்தது.

இந்தப் பூஞ்சை மண்ணிலும் மக்கிய இலைகளிலும் வாழ்கிறது. அதன் நுண்ணிய வித்துகளை நாம் எல்லாருமே சுவாசிக்கிறோம். உடலின் எதிர்ப்புச் சக்தி அவற்றை அழித்துவிடும். ஆனால், ரத்தத்தில் சர்க்கரை மிக அதிகமாக இருந்தால் அந்தச் சக்தி குறைகிறது. அப்போது பூஞ்சை மூக்கில் வளர்ந்து, கண்ணுக்கும் மூளைக்கும் பரவலாம். ரத்தக் குழாய்களை அது அடைத்துவிடுவதால், சதை இறந்து கறுத்துப்போகிறது. இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது.

தொடக்கத்தில் சாதாரணச் சளி போலத்தான் தெரியும். ‘இரண்டு நாள் பார்ப்போம்’ என்று இருந்துவிடாதீர்கள். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்:

• முகத்தின் ஒரு பக்கத்தில் வலி, வீக்கம் அல்லது மரத்துப்போதல்
• மூக்கிலிருந்து கறுப்பாகவோ ரத்தம் கலந்தோ சளி வருதல்
• மூக்கின்மீது அல்லது வாயின் மேல் அண்ணத்தில் கறுப்புத் திட்டு
• பார்வை மங்குதல், இரண்டாகத் தெரிதல், கண் இமை தொங்குதல்
• மேல் பற்கள் திடீரென ஆடுதல்

அங்குச் சென்றதும், “எனக்கு நீரிழிவு இருக்கிறது” என்று முதலில் சொல்லுங்கள். பூஞ்சையை அழிக்கும் மருந்தை ரத்த நாளம் வழியாகச் செலுத்துவார்கள். இறந்த சதையை அறுவை சிகிச்சை செய்து அகற்றுவார்கள். சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ, கண்ணையும் உயிரையும் காப்பாற்றும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

வராமல் தடுக்க என்ன செய்யலாம்?

• சர்க்கரை அளவைக் கட்டுப்பாட்டில் வைத்திருங்கள்.
• காய்ச்சலால் சாப்பிட முடியவில்லை என்று இன்சுலினை நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் கேளுங்கள்.
• மூட்டு வலிக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாத மாத்திரைகளை வாங்காதீர்கள். சிலவற்றில் ஸ்டீராய்டு மறைவாகக் கலந்திருக்கும். அது சர்க்கரையை ஏற்றிவிடும்.
• தோட்ட வேலையின்போது முகக்கவசம், கையுறை அணியுங்கள்.

வீட்டில் நீரிழிவு உள்ள பெரியவர்கள் இருந்தால், இந்த அறிகுறிகளை இன்றே அவர்களிடம் சொல்லுங்கள்.