கப்பல் ஏறிய கடைச்சரக்கு



திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையில்தான் இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்து இறங்குகிறவர்களில் நிறையப் பேர் திருச்சி ஊருக்குள் போவதே இல்லை. வாசலைத் தாண்டியதும் கார் தெற்கே திரும்பிவிடும். மாத்தூர், கீரனூர், நார்த்தாமலை விலக்கு, அப்புறம் புதுக்கோட்டை. அங்கிருந்து ஆலங்குடி, கீரமங்கலம், திருமயம், பொன்னமராவதி, கடற்கரையில் கோட்டைப்பட்டினம், மீமிசல் என்று ஆளுக்கொரு திசையில் பிரிந்து போவார்கள். பெட்டியில் கோடாலித் தைலமும் டைகர் பாமும் கட்டாயம் இருக்கும். சொந்தபந்தம் ஒவ்வொருவருக்கும் ஒரு புட்டி கொடுத்தாக வேண்டுமே! திரும்பிப் போகும்போது அதே பெட்டியில் சுக்கு, திப்பிலி, வசம்பு, ஓமம், காய்ந்த ஆவாரம்பூ.

இரண்டு ஊருக்கும் நடுவே வாழ்கிறவர்கள் அந்தப் பெட்டியில் இரண்டு பக்கமும் சுமந்து போகிற மருந்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

விமானத்துக்கு முன்னால் கப்பல் இருந்தது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன ‘ரஜூலா’வைப் பற்றிப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 1926இல் கட்டிய கப்பல் அது. அதற்குப் பிறகு ஓடிய ‘சிதம்பரம்’ கப்பல் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழியே முடிந்துபோனது. கப்பல் பயணத்தில் தலைசுற்றலுக்கும் குமட்டலுக்கும் எலுமிச்சை ஊறுகாயும் சுக்குத் துண்டும்தான் துணை. வேலைக்குப் போன இடத்தில் காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் காத்திருந்தன. எல்லாருக்கும் மருத்துவமனை கிட்டாத அந்தக் காலத்தில், அம்மா துணியில் முடிந்து கொடுத்த மருந்துதான் முதல் வைத்தியம்.

திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த புட்டிகளுக்கும் கதை உண்டு. டைகர் பாம் பிறந்தது ரங்கூனில், ஒரு சீன வைத்தியர் குடும்பத்தின் மருந்துக் கடையில். ஆவ் பூன் ஹாவ், ஆவ் பூன் பார் என்ற அண்ணன் தம்பி அதைப் பெரிய வியாபாரமாக்கினார்கள். 1920களில் தொழிலைச் சிங்கப்பூருக்கு மாற்றினார்கள். அவர்கள் ரங்கூனில் மருந்து விற்ற நாளில், திருமயம் பக்கத்து நகரத்தார் ஊர்களிலிருந்து போனவர்கள் அதே பர்மாவில் கடை வைத்து வட்டித்தொழில் நடத்திக்கொண்டிருந்தார்கள். கோடாலித் தைலம் 1928இல் சிங்கப்பூரில் தொடங்கிய ஒரு சீன நிறுவனத்தின் சரக்கு. அதன் கலவையைச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு ஜெர்மானிய மருத்துவர். ஜெர்மானியர் சொல்லி, சீனர் செய்து, தமிழர் சுமந்து வந்த தைலம் இன்று எங்கள் ஊரில் மாடத்தில் விளக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அந்தத் தைலம் வெளிநாட்டுச் சரக்கு, நாட்டு மருந்துக் கடைப் பொட்டலம் நம்முடையது என்று பிரித்துவிடலாமா? புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு நாட்டு மருந்துக் கடையின் முன்னால் நின்று பார்த்தால் அப்படிச் சுலபமாகப் பிரிக்க முடியாது. கிராம்பு மலுக்குத் தீவுகளில் பிறந்தது. சாதிக்காய் அதற்குப் பக்கத்துப் பாண்டாத் தீவுகளுடையது. மூட்டுவலிக்கும் தோல்நோய்க்கும் சித்த வைத்தியர்கள் சூரணமாகக் கொடுக்கும் பரங்கிப்பட்டை சீனத்துக் கொடியின் கிழங்கு. பச்சைக் கற்பூரத்துக்குப் பேர்போனது சுமத்ரா. அந்தத் தீவின் மேற்குக் கரையில், கற்பூர வணிகத்துக்குப் புகழ்பெற்ற பாருஸ் துறைமுகத்தில், 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. வெட்டி வைத்தவர்கள் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர். அதே ஐந்நூற்றுவரின் பெயர் நம் புதுக்கோட்டை மாவட்டத்து முனசந்தைக் கல்வெட்டிலும் இருக்கிறது. நார்த்தாமலையும் சோழர் காலத்தில் வணிகர் நகரம்தான். நாம் பாட்டி வைத்தியம் என்று சொல்வதில் பாதிச் சரக்கு, நம் பாட்டனுக்குப் பாட்டன் கடல் தாண்டிப் போய் வாங்கி வந்தது. இரண்டு ஊருக்கு நடுவே வாழ்வதால் தங்களுக்கு வேரில்லை என்று மனம் சோர்கிற பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். நம் மருந்தும் உங்களைப் போலவே பல கரை கண்டது.

எனக்குத் தெரிந்த ஒரு பெண். கிள்ளானில் பிறந்து வளர்ந்தவர், தலைப்பிரசவமும் அங்கேதான். மலாய்க் குடும்பங்களில் பிள்ளை பெற்றவளுக்கு 44 நாள் வரை பத்தியம் உண்டு. வயிற்றில் நீளத் துணியைச் சுற்றிக் கட்டுவார்கள், சூடாக்கிய கல்லைத் துணியில் பொதிந்து ஒற்றுவார்கள். பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பத்தில் ஒரு மாதம் இஞ்சியும் எள்ளெண்ணெயும் சேர்த்த கோழிக்கறி. இவருக்கு உருவிவிட வந்தவர் ஒரு மலாய் அம்மா. பிறகு குழந்தைக்குக் காதுகுத்த ஆலங்குடிப் பக்கம் இருக்கும் குலதெய்வக் கோயிலுக்கு வந்தார். அந்த ஊரில் உறவுக்காரப் பெண் ஒருத்தி பிள்ளை பெற்று வீட்டில் படுத்திருந்தாள். வயிற்றில் பழைய சேலைக் கட்டு, நொச்சித்தழை போட்டுக் காய்ச்சிய வெந்நீரில் குளியல், சுக்கும் திப்பிலியும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டிய லேகியம், சோற்றில் பூண்டு. “அப்பத்தா, இது மலாய்க்காரங்க பழக்கமில்ல?” என்று கேட்டார். அப்பத்தா இடித்துக்கொண்டிருந்த உலக்கையை நிறுத்தவே இல்லை. “பெத்த வயித்துக்குக் கட்டுக் கட்டாம எந்த ஊர்லடி ஆத்தா விடுவாங்க?”

அந்தப் பெண் அன்று கண்டுகொண்டது புது மருந்து ஒன்றுமில்லை. கிள்ளானில் தனக்கு நடந்த ஒவ்வொன்றுக்கும் இங்கே ஒரு சொந்தக்காரி இருந்தாள். அங்கேயே இருந்திருந்தால் அது மலாய்க்காரர் முறையாகவே நின்றிருக்கும். இங்கேயே பிறந்து வளர்ந்திருந்தால், கிழவிகளின் தொந்தரவு என்று தள்ளியிருப்பார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற கண் போய்வருகிறவர்களுக்குத்தான் வாய்க்கிறது. நான் அதைப் பெரிய கொடுப்பினையாகவே நினைக்கிறேன்.

இன்னொன்றையும் அவர்கள் இங்கே கண்டுகொள்கிறார்கள். மருந்துக்கு முன்னால் விசாரிப்பு இருக்கிறது. சித்த மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு என்பார்கள். நாடி, தொடுகை, நாக்கு, நிறம், மொழி, விழி, மலம், சிறுநீர் ஆகிய எட்டையும் பார்த்துவிட்டுத்தான் மருந்து. நோயாளியின் குரலும் பேச்சும் அதில் ஒரு தேர்வு. முப்பது நாற்பது வருடம் வேற்று மொழியில் தன் நோவைப் பாதி பாதியாகச் சொல்லிப் பழகிய ஒரு பெரியவர், குத்துதா, கடுக்குதா, இழுக்குதா என்று ஒருவர் கேட்கும்போது நிமிர்ந்து உட்காருவதை நான் பார்த்திருக்கிறேன். பசி எப்படி, தூக்கம் எப்படி, என்ன சாப்பிட்டாய் என்று கேட்டு, எதை எத்தனை நாள் விலக்க வேண்டும் என்று சொல்வார்கள். மருந்து சின்னப் பொட்டலம்தான். பத்தியத்துக்கு ஒரு வீடே சேர்ந்து சமைக்க வேண்டும்.

ஆனால் பொட்டலத்துக்குள் போகவேண்டிய செடிகள் எங்கே? நம் மாவட்டத்து வறண்ட காட்டில் ஆவாரையும் நன்னாரியும் வெட்பாலையும் விராலியும் காசானும் தானாக முளைத்துக் கிடந்தன. அந்தக் காடுகளில் பெரும்பகுதியை அழித்துக் காகித ஆலைகளுக்காகத் தைலமரம் நட்டார்கள். 1974இல் தொடங்கிய அரசு வனத்தோட்டக் கழகத்தின் தோப்புகள் மைல் கணக்கில் நிற்கின்றன. நிலத்தடி நீர் போயிற்று என்று விவசாயிகள் வருடக்கணக்காகப் போராடுகிறார்கள். அந்த மரத்தடியில் மூலிகை தேடிப் போகிறவர் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். எனக்கு இது ஆறாத வருத்தம். மிச்சமிருப்பது கோயில் காடுகளில். ஐயனார் காட்டில் சுள்ளி ஒடித்தாலும் குற்றம் என்று ஊர் கட்டிக் காத்ததால் தப்பியவை அவை. கோயிலைப் புதுப்பிக்க வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிற உறவுகளிடம் ஒரு வேண்டுகோள். சுற்றிலும் சிமெண்டுத் தளம் போடாதீர்கள். காட்டைக் காடாக விட்டுவையுங்கள்.

மரபு மருத்துவத்தின் மேல் உள்ள அன்பினாலேயே இதையும் சொல்கிறேன். எல்லா நோய்க்கும் அதில் விடை தேடக்கூடாது. 1886இல் இந்தப் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றவர். புற்றுநோய்க்குத் தன் தங்கையைப் பறிகொடுத்த துயரத்தை மறக்காமல் 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை உண்டாக்கினார். அப்படி மருத்துவமனையே கதியான நோய்களும் உண்டு. கட்டி, காரணமில்லாத இளைப்பு, நெஞ்சுவலி, நிற்காத இரத்தப்போக்கு என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ஊருக்கு வந்த உற்சாகத்தில் அதை நிறுத்திவிட்டுக் கஷாயத்துக்கு மாறக்கூடாது. பற்பம், செந்தூரம் சிலவற்றில் பாதரசமும் பாடாணமும் உண்டு. பதிவுபெற்ற சித்த மருத்துவரைப் பாராமல் அவற்றைத் தொடவே வேண்டாம். பல ஆரம்ப சுகாதார நிலையங்களில் சித்த மருத்துவர் இருக்கிறார். மலேசியாவிலும் 2016ஆம் ஆண்டுச் சட்டம் இந்திய மரபு மருத்துவத்தை ஒரு துறையாக ஏற்று, மருத்துவர்கள் பதிவு செய்ய வழி வகுத்திருக்கிறது. அங்கே போன பிறகும் தொடரலாம்.

பெட்டி கட்டும்போது ஒரு கவனம். கசகசாவைச் சிங்கப்பூருக்கோ வளைகுடா நாடுகளுக்கோ எடுத்துப் போகாதீர்கள். அபினிச் செடியின் விதை என்பதால் அங்கே தடை, பிடித்தால் வழக்கு. பெயர் எழுதாத பொடிப் பொட்டலங்களும் சுங்கத்தில் சிக்கல்தான்.

பள்ளி விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்கள் அப்பத்தா, அம்மாச்சி, நன்னி பக்கத்தில் ஒரு சாயங்காலம் உட்காருங்கள். கைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். சுக்கு எத்தனை பங்கு, திப்பிலி எத்தனை, எதை வறுக்கணும், எதை வெயிலில் காயவைக்கணும், எந்த நாளில் தொடங்கணும், யாருக்கு ஆகாது என்று விடாமல் கேளுங்கள். யாருக்கு ஆகாது என்பதை மறக்காமல் கேளுங்கள். அதை எந்தப் பொட்டலத்தின் மேலும் எழுதியிருக்க மாட்டார்கள்.