‘உறவினர் விருப்பம்’ என்று எழுதியது யார்?

(பெரும்பாக்கம் குடியிருப்பில் நடந்த தெருமுனைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன். அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

என் சித்தப்பா வீடு இந்தக் குடியிருப்பில் ஏழாவது மாடி. கூவம் ஓரத்திலிருந்து இங்கே கொண்டுவந்து போடப்பட்ட குடும்பம். ஒருநாள் ராத்திரி பதினோரு மணிக்கு அவருக்கு நெஞ்சுவலி. லிஃப்ட் ஓடவில்லை, அதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கி இறக்கினார்கள். ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். மாரடைப்பு, உடனே ஆஞ்சியோ செய்யணும், ஒரு லட்சம் அட்வான்ஸ் கட்டுங்கள் என்றார்கள். பதிவு மேசையில் முகவரி கேட்டார்கள். “ஹவுசிங் போர்டு” என்றோம். அடுத்த கேள்வி, “கட்டிடுவீங்களா?” இப்போதெல்லாம் யாரும் நம்மிடம் சாதியைக் கேட்பதில்லை தோழர்களே, பிளாக் நம்பர் போதும்.

கையில் பன்னிரண்டாயிரம் இருந்தது. காப்பீட்டு அட்டையைக் காட்டினோம். அந்தக் கவுண்டர் காலையில்தான் திறக்கும் என்றார்கள். “அப்ப எழுதிக் கொடுத்துட்டு ஜி.எச்.சுக்குக் கூட்டிட்டுப் போங்க.” சித்தி என்னைப் பார்த்து, “நீ படிச்ச பொண்ணு, நீயே போடும்மா” என்றார்.

ஆங்கிலத்தில் அரைப் பக்கம். மருத்துவ ஆலோசனைக்கு எதிராக, பின்விளைவுகளை அறிந்து, சொந்த விருப்பத்தின் பேரில் நோயாளியை அழைத்துச் செல்கிறோம். இனி எது நடந்தாலும் மருத்துவமனை பொறுப்பல்ல. காரணம் என்ற இடத்தில் ‘உறவினர் விருப்பம்’ என்று ஏற்கெனவே எழுதியிருந்தது. ஆராய்ச்சி செய்கிறவள், வாசித்துவிட்டேதான் போட்டேன். ஆலோசனைக்கு எதிராகவா போனோம்? அந்த ஆலோசனையைக் கேட்டுக்கொண்டுதானே மேசைக்கு முன்னால் நின்றோம்? வாடகை ஆம்புலன்ஸ் மத்திய கைலாஷைத் தாண்டும்போது சித்தப்பாவின் கை என் கைக்குள் குளிர்ந்துவிட்டது.

செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் இருப்பது இதே பெரும்பாக்கத்தில். 2022 ஜனவரியில் அதன் புதிய கட்டடத்தைத் திறந்தார்கள். சித்தி கையெழுத்துப் போட வேண்டியிருந்த தாளில் ஒரு வரிகூடத் தமிழ் இல்லை.

கையெழுத்துப் போட்டாச்சு, இனி கேட்க முடியாது என்று நம் மக்கள் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகுதான் தீர்ப்புகளைத் தேடிப் படித்தேன்.

ஸ்கூட்டரில் போன ஒருவரை கார் இடித்துவிட்டது. பக்கத்து மருத்துவமனை, இது போலீஸ் கேஸ், நாங்கள் பார்ப்பதில்லை என்று 20 கிலோமீட்டர் தள்ளியிருந்த வேறொரு மருத்துவமனைக்கு அனுப்பியது. வழியிலேயே இறந்துபோனார். அந்தச் செய்தியை வைத்துப் பரமானந்த் கட்டாரா தொடுத்த வழக்கில், 1989இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: அரசு மருத்துவரோ தனியார் மருத்துவரோ, உயிரைக் காப்பது அவருடைய கடமை, எந்த நடைமுறையும் அதற்குக் குறுக்கே வரக்கூடாது. நாங்கள் போன தூரம் அந்த 20 கிலோமீட்டரைவிட அதிகம்.

இன்னொரு வழக்கு சமீரா கோலி, 2008. மயக்கத்தில் இருந்த மகளுக்காக அம்மாவிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையை எடுத்துவிட்டார்கள். சுயநினைவு திரும்பியதும் தானே முடிவெடுக்கக்கூடிய வயதுவந்த பெண் அவர். உயிருக்கு ஆபத்தான அவசரமும் இல்லை. எனவே அம்மாவின் சம்மதம் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். சம்மதம் கேட்கும்போது சிகிச்சை என்ன, மாற்று என்ன, ஆபத்து என்ன, சிகிச்சையை மறுத்தால் என்ன ஆகும் என்பதையெல்லாம் சொல்ல வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. சித்தப்பா நினைவோடுதான் இருந்தார். தண்ணீர் கேட்டார். போகலாமா, இருக்கலாமா என்று அவரிடம் யாருமே கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

எல்லாம் புரிந்து, சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் தானாகவே எழுந்து போனால், அதற்குப் பிறகு நடப்பதை மருத்துவமனையின் தலையில் கட்டுவது நியாயமில்லை. போவது நோயாளியின் உரிமை, பாக்கிப் பணத்துக்காகப் பிடித்துவைக்கவும் முடியாது. நடு ராத்திரியில் தனியாக வார்டைப் பார்க்கும் பயிற்சி மருத்துவர்மேல் எனக்குக் கோபமும் இல்லை. ஆனால் பணமில்லாமல் வெளியேற்றப்பட்டதை ‘விருப்பம்’ என்று எழுதுவது வேறு கதை. வேலையில்லாத ஒருவனுக்குத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் எங்கே இருக்கிறது என்று அண்ணல் 1947இல் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ நூலில் கேட்டார். பதிவு மேசைக்கு முன்னால் நின்ற எங்களுக்கும் அதே கேள்விதான். அரசு மருத்துவமனையிலிருந்து சொல்லாமல் போய்விட்டால் கேஸ் ஷீட்டில் ‘அப்ஸ்காண்டட்’ என்று எழுதுகிறார்கள். தலைமறைவான குற்றவாளிக்குப் போலீஸ் எழுதும் அதே வார்த்தை!

அதனால் சொல்கிறேன். எழுதிக் கொடுக்கச் சொன்னால், காரணத்தை உங்கள் கையால் தமிழில் எழுதுங்கள். ‘அட்வான்ஸ் கட்டப் பணம் இல்லாததால் போகிறோம், சிகிச்சை வேண்டாம் என்று சொல்லவில்லை.’ நேரத்தையும் போடுங்கள். நோயாளிக்கு நினைவிருந்தால் அவரிடம் கேளுங்கள். கிளம்பும் முன் அந்தத் தாளை செல்போனில் படம் எடுங்கள். என்ன மருந்து கொடுத்தார்கள் என்ற சுருக்கத்தைக் கையோடு வாங்குங்கள். அடுத்த மருத்துவர் அதை வைத்துத்தான் தொடங்குவார். சிகிச்சை ஆவணங்களை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ கவுன்சில் விதி.

காசு கட்டிப் பார்த்த சிகிச்சையில் குறை இருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். ஆனால் இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். எனக்கு அது தெரியவந்தபோது இரண்டு வருடமும் நான்கு மாதமும் ஆகியிருந்தது. தாமதத்துக்குக் காரணம் சொல்லி மனுப் போடலாம் என்கிறார்கள். போட்டிருக்கிறேன்.

அந்த மேசையில், காரணம் எழுதும் வாசகத்தைத் தமிழில் அச்சடித்து வைத்திருக்கிறோம். வீட்டுக்கு ஒன்று எடுத்துப் போங்கள். காப்பீட்டு அட்டை இருக்கும் கவரிலேயே போட்டு வையுங்கள்.