நாலு மணித்தியாலத்தை விட்டுக் கொடுக்காதீர்கள்

(தோட்டக் கிளைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



என் வகுப்புப் பையன் ஒருவன் கிழமையில் இரண்டு நாள் பாடசாலைக்கு வருவதில்லை. இரண்டு சிறுநீரகமும் பழுதான அப்பாவை டயலிசிஸுக்கு டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறான். கடைசி பஸ்ஸைப் பிடிப்பதற்காக அப்பா நாலு மணித்தியாலம் முடியுமுன், மூன்றிலேயே மெஷினை விட்டு எழும்பிவிடுகிறாராம். "ஒரு மணித்தியாலத்தில் என்ன சேர் குறையப் போகுது?" என்று கேட்டான்.

நல்ல சிறுநீரகம் கிழமையில் 168 மணித்தியாலமும் வேலை செய்கிறது. மெஷினில் மூன்று தடவை படுத்தாலும் 12 மணித்தியாலம்தான். இரண்டு தடவை என்றால் எட்டு. அதிலும் ஒன்று ஒன்றாகக் குறைத்தால் ஆறு.

"பணக்காரருக்கு வேறு நல்ல மெஷின் இருக்காமே?" என்றும் கேட்கிறீர்கள். வகைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, சாதாரண ஹீமோடயலிசிஸ். கையிலிருந்து வரும் இரத்தம், மயிர் போன்ற ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள் உள்ள வடிகட்டிக்குள் போகிறது. கழிவு வெளியேறி, இரத்தம் திரும்பி வருகிறது. 'ஹை பிளக்ஸ்' வடிகட்டியில் துளைகள் பெரிது. கொஞ்சம் பெரிய கழிவும் போகும்.

இரண்டாவது, ஹீமோடயாபில்ட்ரேஷன். இதில் நிறையத் தண்ணீரையும் கழிவோடு சேர்த்து இழுத்து, அதற்குப் பதில் மிகச் சுத்தமான திரவத்தை ஏற்றுவார்கள். ஐரோப்பாவில் 1360 நோயாளிகளை இரு பிரிவாக்கிச் செய்த ஆய்வு 2023இல் வெளிவந்தது. ஏறக்குறைய இரண்டரை வருடத்தில், ஹை பிளக்ஸ் பிரிவில் 100க்கு 22 பேரளவில் இறந்தார்கள். இந்தப் பிரிவில் 17 பேரளவில். நல்ல முறைதான். ஆனால் இதற்கும் நாலு மணித்தியாலம் படுக்கத்தான் வேண்டும்.

மூன்றாவது, இரவில் ஆறு முதல் எட்டு மணித்தியாலம் மெதுவாகச் செய்வது. இருதயத்துக்கு இதம். சில நாடுகளில் வீட்டிலேயே செய்கிறார்கள். சாதாரண முறைக்கே தடவைக்கு 120 லீற்றரளவு சுத்திகரித்த நீர் வேண்டும். தடையில்லாத மின்சாரமும் வேண்டும். நம் லயத்தில் அது நடக்குமா?

ஆகவே நம் கையில் இருப்பது நேரம். உடம்பில் சேர்ந்த மூன்று லீற்றர் நீரை நாலு மணித்தியாலத்துக்குப் பதில் மூன்றில் இழுத்தால் பிரஷர் விழும், கால் பிடித்திழுக்கும், இருதயம் களைக்கும். சதைக்குள் இருக்கும் கழிவு மெதுவாகத்தான் இரத்தத்துக்கு வரும். அதை அவசரப்படுத்த முடியாது. சாயத்தண்ணியும் தண்ணீர்க் கணக்குத்தான்; டொக்டர் சொன்ன அளவைத் தாண்டாதீர்கள். பிஸ்டியுலா போட்ட கையில் சுமை தூக்காதீர்கள், பிரஷர் பார்க்கவும் விடாதீர்கள்.

அந்த அப்பாவைக் குறை சொல்லமாட்டேன். பஸ் போய்விட்டால் அவர் மலை ஏறுவது எப்படி? தாதியிடம் காலை முறை கேட்போம். டயலிசிஸ் நாளில் தோட்டம் வாகனம் தர வேண்டும், கூடப் போகிறவருக்குப் பேர் வெட்டக்கூடாது என்று நிர்வாகத்திடம் சங்கம் கோரிக்கை வைக்க வேண்டும். உங்கள் லயத்தில் இப்படி யாராவது இருந்தால் இன்றே தலைவரிடம் பெயரைக் கொடுங்கள்.

அந்தப் பையனும் பாடசாலைக்கு வர வேண்டும், தோழர்களே.