நின்று நின்று போகும் டிராக்டர்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஒரு கிராணி ஆற்றிய உரை)

 

நான் பேனா பிடிப்பவன். ஸ்பேனர் பிடிப்பவன் அல்ல. டிராக்டரைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். ஒரே ஒரு யோக்கியதைதான் உண்டு. நம் டிராக்டர் வழியில் நின்றபோது, "டிரைவரின் கவனக்குறைவு" என்று ரிப்போர்ட் எழுதியவன் நான். ஒரு முறையல்ல, மூன்று முறை எழுதினேன். மூன்றும் தவறு.

நடந்ததை நீங்கள் அறிவீர்கள். பாலை டாங்கியில் நிரப்பிக்கொண்டு மேட்டுப் பிரிவிலிருந்து வண்டி கிளம்பும். இருபது நிமிஷம் ஒழுங்காக ஓடும். பிறகு சத்தம் ஏறி இறங்கும், இருமும், மெல்ல உயிர் விடும். பத்து நிமிஷம் சும்மா விட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகும். இதற்குள் வெயில் ஏறிவிடும். அமோனியா போதாத பால் டாங்கியிலேயே உறையும். உறைந்த பால் கட்டிப்பால் விலைக்குத்தானே போகும்? அந்த நஷ்டத்தை டிரைவர் அண்ணன் சம்பளத்தில் பிடிக்க வேண்டும் என்று ஆபீசில் பேச்சு எழுந்தது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவைக் காட்டி, சட்டம் அனுமதிக்காத பிடித்தம் செல்லாது என்று நம் கமிட்டி வாதாடியது. பேச்சு நின்றது. சம்பளம் தப்பியது, பெயர் தப்பவில்லை. என் கையெழுத்து பைலில் இருந்ததே!

டீசல் எஞ்சினில் தீப்பொறி பிளக் கிடையாது. காற்றை நெருக்கி, அந்தச் சூட்டிலேயே எண்ணெயைக் கொளுத்தும் யந்திரம் அது. ஆகவே ஓடுகிற வண்டி படிப்படியாக மூச்சடங்கி நின்றால், முதலில் எண்ணெய் வரும் வழியைச் சந்தேகிக்க வேண்டும். நம்முடையது 1960-களில் வந்த மாஸி பெர்குசன் 135 ரகம். மேலே டாங்கி, அதன் அடியில் குழாய்த் திருகு, பிறகு எண்ணெயை இழுத்துத் தள்ளும் சிறு பம்பு, வடிகட்டி, அதன்பின் அழுத்தம் கொடுக்கும் பெரிய பம்பு, கடைசியில் இஞ்செக்டர்கள். இந்த வழியில் எங்கே அடைத்தாலும், எங்கே காற்று புகுந்தாலும் வண்டி நிற்கும்.

பட்டறையில் வடிகட்டியை மாற்றினார்கள். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் பழைய கதை. அன்று நான் மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே போனேன். வண்டி நின்றதும் அண்ணன் இறங்கி, ஒன்றும் பேசாமல் டாங்கி மூடியைத் திறந்தார். "உஸ்" என்று காற்றை உள்ளே இழுத்தது. "கேட்டீங்களா கிராணி?" என்றார். அவ்வளவுதான்.

பால் டின்னில் ஒரே துளை போட்டு ஊற்றிப் பாருங்கள், பால் இறங்காது. காற்று போக இன்னொரு துளை வேண்டும். டாங்கி மூடியிலும் அப்படி ஒரு சிறு துளை உண்டு. நம் மூடியில் அதைச் சேறு அடைத்திருந்தது. சும்மா விட்ட பத்து நிமிஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று கசிந்து புகுந்ததால்தான் வண்டி மறுபடி ஓடியிருக்கிறது. ஒரு கம்பி முனையில் தீரக்கூடிய காரியத்துக்கு நான் மூன்று தாள் எழுதியிருக்கிறேன்!

முழுதும் தீரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். துளையைத் திறந்த பிறகும் நாளுக்கு ஒரு முறை நின்றது. டாங்கியை வடித்து ஒரு கண்ணாடி ஜாடியில் வைத்தோம். அடியில் இரண்டு விரல் தண்ணீர், அதன்மேல் கறுத்த வழவழப்பு, துணிநூல் சில. தண்ணீர் எங்கிருந்து வந்தது? ஸ்டோரில் பாதி காலியான டிரம்மிலிருந்துதான். நம் சீதோஷ்ணத்தில் இரவுக் குளிருக்குள் காலி இடத்துக் காற்று வியர்த்து, நீர் அடியில் தங்கும். டீசலில் கலக்கும் செம்பனை எண்ணெய்ச் சரக்கும் ஒரு காரணம். போக்குவரத்து டீசலில் அது 2019-இல் நூற்றுக்குப் பத்துப் பங்காக உயர்ந்தது. அது நீரைச் சற்றுக் கூடுதலாக ஈர்க்கும். பழைய டாங்கியில் ஒட்டிக் கிடந்த அழுக்கையும் கரைத்து வடிகட்டிக்கு அனுப்பும். ஆகவே மாலையிலேயே டாங்கியை நிரப்புங்கள். டிரம்மை அசைத்தால் ஓர் இரவு படியவிட்டு, அடி எண்ணெயை விட்டுவிட்டு எடுங்கள்.

வழியைக் கழற்றினால் காற்று புகும். அதை எடுக்க வரிசை உண்டு: முதலில் வடிகட்டி மேலுள்ள திருகைத் தளர்த்தி, சிறு பம்பின் கைப்பிடியை அடிக்க வேண்டும். நுரை நின்று சுத்த எண்ணெய் வந்ததும் இறுக்கிவிட்டு, பெரிய பம்பின் திருகுகளுக்குப் போக வேண்டும். கைப்பிடி அசைய மறுத்தால் பம்பு கெட்டதென்று அர்த்தமில்லை. எஞ்சினைச் சற்றே சுற்றிவிட்டுப் பாருங்கள். கடைசியில்தான் இஞ்செக்டர் நட்டுகள். அங்கே விரல் வைக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் பீச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது.

சூடேறிய பிறகு மட்டும் ஸ்டார்ட் ஆக மறுத்து, ஆறியதும் ஆனால், பெரிய பம்பு தேய்ந்திருக்கலாம். அது நம் கைவேலையல்ல. பட்டறைக்குப் போக வேண்டும். ஏற்றத்தில் நின்றால் பிரேக் போட்டு, கியரிலேயே விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்த பிறகே மற்றது. பாரத்தோடு பின்னால் உருளும் டிரெயிலரைத் தடுக்க மனிதனால் ஆகாது.

இப்போது ஆபீசில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். எத்தனை மணிக்கு நின்றது, எவ்வளவு நேரம் ஓடியபின், மெல்ல நின்றதா சட்டென்று நின்றதா, புகை கறுப்பா வெள்ளையா, மூடி திறந்ததும் சத்தம் உண்டா? டிரைவர் சொல்வதை அப்படியே எழுதி, அவரிடம் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குகிறேன். காரணம் என்ற கட்டத்தைப் பட்டறைக்காரர் நிரப்புவார், நான் அல்ல. பழைய மூன்று ரிப்போர்ட்டும் தவறு என்று மானேஜருக்குக் கடிதம் கொடுத்து, பைலில் அவற்றின்மேல் சேர்க்கச் செய்தேன். கிராணிமார்களே, உங்கள் தோட்டத்து பைல்களையும் ஒருதரம் புரட்டிப் பாருங்கள்.

டிராக்டர் வெளியே கொட்டகையில் நிற்கிறது. தேநீருக்குப் பிறகு அண்ணன் காற்று எடுக்கும் விதத்தைச் செய்து காட்டுவார். யாராவது ஒரு தகர டப்பாவும் பழைய துணியும் கொண்டு வாருங்கள்.